மூலையில மட்டும் கோடு விழல

அந்த வாரம் எங்க வீட்டுல யாரும் நிம்மதியாக் குளிக்கல. நாங்க இருக்குற பூனா சாங்வியில தண்ணிப் பஞ்சம்னு நெனைச்சிராதீங்க. தண்ணி எக்கச்சக்கமா இருந்துச்சு, வம்பே அங்கதான் ஆரம்பிச்சது. குளிக்க முடியாததுக்குக் காரணம் என் மருமக. ஹால் பக்கத்து பாத்ரூம அவ புடிச்சுக்கிட்டா. ஜன்னல்ல கறுப்பு அட்டைய ஒட்டுனா. வெள்ள பல்பக் கழட்டிட்டு மஞ்ச பல்பு ஒண்ணு மாட்டுனா. கம்பியில தொங்குன என் சீலையச் சுருட்டி என் கையில குடுத்துட்டு, "அத்தை, ஞாயித்துக்கெழம வரைக்கும் இது பாத்ரூம் இல்லீங்க" அப்படின்னா.

"பெறகு என்னதுத்தா இது?"

"லேப்."

"நான் எங்கிட்டுக் குளிக்க?"

"பெட்ரூம்ல இன்னொண்ணு இருக்குதுல்லங்க?"

இருக்கு. அது எம்மவனோட பாத்ரூம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். உள்ள போகும்போதே ஃபோனையும் எடுத்துக்கிட்டுப் போவான். பாதி மீட்டிங் உள்ளயே நடக்கும். அவன் வெளிய வர்றதுக்குள்ள எனக்குக் குளிக்கணும்ங்கிற எண்ணமே போயிரும்.

எனக்கு முன்னாடி வரிசையில இன்னொரு ஆளு வேற. சம்பந்தியம்மா. மருமகளப் பெத்தவங்க. கோயமுத்தூர்ல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, மகளப் பாக்கணும்னு வந்து எங்க வீட்டுல தங்கியிருந்தாங்க. நான் மூணாங்கிளாசோட நின்னவ. அவங்க மூணாங்கிளாசுக்குப் பாடம் எடுத்தவங்க. அதனால என்னப் பாத்தாலே அவங்களுக்கு மார்க் போடணும் போல இருக்கும். நான் ரசம் வச்சா நாக்குல ஒரு சொட்டு விட்டுட்டு, "பரவால்லீங்க சம்பந்தி" அப்படிம்பாங்க. பாஸு, ஆனா ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்ல.

இந்த பாத்ரூம் கதைக்கு மூலம் என்னன்னா, எங்க சொசைட்டியோட, அதான் நாங்க குடியிருக்குற அபார்ட்மென்ட்டோட, தண்ணித் தொட்டி. கீழ ஒரு தொட்டி, மொட்டமாடியில ஒரு தொட்டி. கீழருந்து மேல ஏத்த ஒரு மோட்டார். மோட்டாரப் போடுறது வாட்ச்மேன் வேல. நிறுத்துறது யாரு வேலன்னு இன்னைக்கு வரைக்கும் முடிவாகல. மேல தொட்டி ரொம்புனா ஓவர்ஃப்ளோ பைப்பு வழியா தண்ணி குத்தாலம் மாதிரி கொட்டும். எங்க கொட்டும்? நேரா நம்ம செகரெட்டரியோட ஸ்கூட்டர் சீட்டு மேல. அந்த மனுசன் பிளாஸ்டிக் பை விரிச்சு அதுமேல உக்காந்துதான் ஆபீஸ் போவாரு. கடையில விக்கிற மிதவ ஒண்ண வாங்கி மாட்டுனாங்க. எங்க தண்ணியில இருக்குற சுண்ணாம்புக்கு அது ஒரே மாசத்துல கல்லாப் போச்சு.

என் மருமக எலெக்ட்ரானிக்கு இஞ்சினியருக்குப் படிச்சவ. சிஞ்ச்வட்ல வண்டிக்கு எலெக்ட்ரானிக்கு சாமான் செய்யிற எடத்துல இருந்தா. அந்தப் பிரிவையே மூடிட்டாங்க. கொஞ்ச நாளா வீட்டுலதான். ஒரு நாள் குத்தாலம் கொட்டுறதையே ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. நான் வடிச்ச சோத்த எறக்கி வச்சிட்டுத் திரும்புறேன், "அத்தை, இத நான் நிறுத்தறேன்" அப்படின்னா. தொட்டிக்குள்ள ரெண்டு கம்பி எறக்கிருவாளாம். தண்ணி மேல் கம்பியத் தொட்டா மோட்டார் தானா நின்னுருமாம். மிதவ கிடையாது, கல்லாகுறதுக்கு ஒண்ணும் கிடையாது. செகரெட்டரிகிட்டப் போய்ச் சொன்னா. அவரு ஈர பேன்ட்டோட நின்னுக்கிட்டே கேட்டாரு. "ஞாயித்துக்கெழம சொசைட்டி மீட்டிங். செஞ்சு காமி. நின்னுச்சுன்னா நாலு விங்குக்கும் நீதான் போடுற"ன்னுட்டாரு. விங்குன்னா பிளாக்கு, எங்களோடத மாதிரி இன்னும் மூணு இருக்கு.

இதுக்கு நடுவுல ரஞ்சன்காவ்ல ஒரு ஃபேக்டரியில இவளுக்கு வேல சொல்லி வச்சிருந்தாங்க. திங்கக்கெழமக்குள்ள வர்றியா வரலயான்னு சொல்லணும். கருக்கல்ல கம்பெனி பஸ்ஸு, திரும்பி வர இருட்டிரும். நகர் ரோட்டு டிராஃபிக்கப் பாத்தவங்களுக்குத் தெரியும், சில நாளு பஸ்ஸுலயே குடித்தனம் நடத்தலாம். இவளுக்கு அந்த வேல வேண்டாம். தானா ஒண்ணு செஞ்சு, தன் பேருல விக்கணும். நாலு விங்கு கெடைச்சா போதும், அத வச்சு ஆரம்பிச்சிருவேங்கிறா. கெடைக்கலன்னா ரஞ்சன்காவ் பஸ்ஸு.

சம்பந்தியம்மா பஸ்ஸு கட்சி. "கண்ணு, மாசமானா சம்பளம், பிஎஃப், கேன்டீன்ல சோறு. தண்ணித் தொட்டிய எட்டிப் பாக்கறதுக்கா உன்ன இஞ்சினியருக்குப் படிக்க வெச்சோம்?"

"அம்மா, சித்தெ சும்மா இருங்க."

நான் எந்தக் கட்சின்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா பாத்ரூம் கட்சின்னு சொல்லியிருப்பேன்.

கம்பி சொல்ற சேதியக் கேட்டு மோட்டார நிறுத்துற பெட்டிக்குள்ள வைக்கிற செப்புப் பலகைய வெளிய குடுத்துச் செஞ்சு வாங்கலாமாம். ஆனா வந்து சேர ஞாயித்துக்கெழம போயிரும். அதனால வீட்டுலயே செய்யிறதுன்னு முடிவு பண்ணிட்டா. எப்படின்னு நான் கேட்டேன், சொன்னா. எனக்குப் புரிஞ்சத சொல்றேன், தப்பா இருந்தா சம்பந்தியம்மா மார்க்கக் கொறைச்சுக்கட்டும்.

பழைய காலத்துல ஸ்டுடியோவுல ஃபோட்டோ கழுவுவாங்கள்ல, அதே சோலிதான். மனுசன் மூஞ்சிக்குப் பதிலா கோடு. கரண்டு எந்த வழியாப் போகணுமோ அந்த வழிய எல்லாம் கம்ப்யூட்டர்ல கோடு கோடாப் போட்டுக்கிடுறா. அத ஜெராக்ஸ் கடையில குடுத்து கண்ணாடி மாதிரி ஒரு ஷீட்டுல அடிக்கணும். ஷீட்டு பூரா கறுப்பு, கோடு மட்டும் வெளிச்சம் போற மாதிரி தெளிவா இருக்கும். செப்பு ஒட்டுன பலகை ஒண்ணு இருக்கு. அது மேல நீலமா ஒரு சவ்வ ஒட்டி, துணி தேய்க்கிற பெட்டிய வச்சுத் தேய்க்கணும். அதுக்கு மேல ஷீட்டு, ஷீட்டுக்கு மேல கண்ணாடி, கண்ணாடிக்கு மேல வெளிச்சம். வெளிச்சம் பட்ட எடத்துல சவ்வு கெட்டியாயிரும். படாத எடம் துணி வெளுக்குற சோடாத் தண்ணியில கரைஞ்சு போயிரும். அப்புறம் ஒரு மருந்துத் தண்ணி, நல்ல கெட்டி டிகாஷன் நெறம். அதுல போட்டா சவ்வு இல்லாத செப்ப எல்லாம் தின்னுரும். சவ்வுக்கு அடியில இருக்குற கோடு மட்டும் மிஞ்சும்.

"அப்ப எதுக்குத்தா இந்த மஞ்ச பல்பு? நாம எல்லாம் காமால வந்தவங்க மாதிரி நிக்கிறோம்."

"இந்த சவ்வுக்கு மஞ்ச வெளிச்சம் கண்ணுக்கே தெரியாதுங்க அத்தை. மஞ்சளுக்கு அது குருடு. வெள்ள லைட்டப் போட்டா மொத்தமும் கெட்டுப் போகும்."

வெளிச்சத்துக்கு என்ன வாங்குனான்னு நெனைக்கிறீங்க? நகப் பாலிஷ் காயவைக்கிற டப்பா! பியூட்டி பார்லர்ல வச்சிருப்பாங்களாம். கைய உள்ள விட்டா ஊதா வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம்தான் சவ்வுக்கு வேணுமாம். ஃபோன்ல ஆர்டர் போட்டா, மறுநாளே வந்துருச்சு. கூட இனாமா ஒரு பாட்டில் பாலிஷ், கத்திரிக்கா கலரு. பெட்டியப் பிரிச்சுட்டு மருமக பாத்ரூமுக்குள்ள போயிட்டா. டப்பா டேபிள் மேல இருக்கு, பாட்டில் பக்கத்துல இருக்கு, நான் எதுக்க இருக்கேன். என்ன செய்வீங்க நீங்க? நானும் அதத்தான் செஞ்சேன்.

காஞ்ச பெறகுதான் தெரிஞ்சுச்சு, அது லேசுல போகாதாம். சுரண்டுனாலும் போகல, எண்ணெயப் போட்டுத் தேச்சாலும் போகல. மறுநா பாஜி வாங்கப் போனேன், காய்கறிக்கு இங்க அதுதான் பேரு. கொத்தமல்லிக் கட்ட எடுத்துப் பாக்குறேன், பாஜிக்காரி என் கையப் புடிச்சுக்கிட்டா. "ஆஜி!" பாட்டிய இங்க அப்படித்தான் கூப்புடுவாங்க. "வீட்டுல கல்யாணமா?"

"ஆமா, எனக்குத்தான். மாப்ள பாத்தாச்சு. வந்து மொய் வையி"ன்னேன். கொத்தமல்லிய ஓசியாக் குடுத்துட்டா.

சம்பந்தியம்மாவுக்குத்தான் தாங்கல. "இந்த வயசுல என்னுங் சம்பந்தி இது?"

"வயசு எனக்குத்தான் சம்பந்தி ஆச்சு. நகம் போன வாரம் மொளைச்சதுதானே?"

சரி, பலகைக்கு வருவோம். ஜெராக்ஸ் கடைக்கு மருமகளும் நானும் போயி ஷீட்ட வாங்கிட்டு வந்தோம். கடைக்காரரு தூக்கிப் பாத்துட்டு, "எக்ஸ்ரேயா ஆஜி?"ன்னாரு. "ஆமா, என் மருமக மண்டைக்குள்ள எடுத்தது. பாருங்க, ஒரே ரோடு"ன்னேன். வீட்டுக்கு வந்ததும் ஷீட்ட டேபிள் மேல வச்சுட்டு அவ பாத்ரூமுக்குள்ள போயி சவ்வ ஒட்டுனா. அந்தச் சவ்வுக்கு முன்னாடி ஒரு தோலு, பின்னாடி ஒரு தோலு. செல்லோடேப்ப ஒட்டி இழுத்தாத்தான் உரியும். எம்மவன் ஒரு பக்கம் இழுக்க, இவ ஒரு பக்கம் இழுக்க, கல்யாணம் ஆனதுல இருந்து ரெண்டு பேரும் சேந்து ஒழுங்கா செஞ்ச மொதக் காரியம் அதுதான். இஸ்திரி போட்டு ஒட்டிட்டு, ஷீட்ட எடுத்துட்டுப் போயி மேல வச்சு, டப்பாவக் கவுத்தா. ஊதா வெளிச்சம் எரிஞ்சு அணைஞ்சுச்சு. சோடாத் தண்ணியில போட்டு ஒரு பிரஷ்ஷ வச்சு மெதுவாத் தேச்சா.

"ஏய், அது என் டூத் பிரஷ்!" எம்மவன் கத்துறான்.

"இனிமே இல்ல"ன்னா அவ.

கண்ணு முன்னாடியே கோடு கோடா வருதுங்க! ஒண்ணுமில்லாத பலகையில நீலக் கோடு மெதுவா எழும்பி வருது. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது. "ஆத்தாடி! வருதுத்தா! வருது!" நான் குதிக்க, ஈரத் தரையில வழுக்கி எம்மவன் சட்டையப் புடிச்சுக்கிட்டேன். சம்பந்தியம்மா கதவு எடுக்குல இருந்து கழுத்த நீட்டிப் பாக்குறாங்க. எல்லாரும் மஞ்சளா, பல்லெல்லாம் மஞ்சளா, சிரிக்கிறோம்.

மருமக மட்டும் சிரிக்கல. பலகையத் திருப்பித் திருப்பிப் பாக்குறா.

ஒரு மூலையில மட்டும் கோடு விழல. மத்த எடத்துல எல்லாம் வரைஞ்ச மாதிரி சுத்தமா இருக்கு. அந்த மூலையில மட்டும் வழிச்சு எடுத்த மாதிரி மொட்டையா இருக்கு. அது எந்த மூலை? மேல் கம்பியில இருந்து சேதி வர்ற மூலையாம். அந்தக் கோடு இல்லன்னா தண்ணி ரொம்புனது மோட்டாருக்குத் தெரியாது. குத்தாலம்தான்.

"ஒரு ஒயர ஒட்ட வச்சிரேன்"னான் எம்மவன்.

"மொதத் தடவ காமிக்கறதே ஒட்டுப் போட்டதா இருந்தா, நாலு விங்குக்கு யாருங்க குடுப்பா?"

டப்பாவோட வெளிச்சம் அந்த மூலைக்குப் பத்தலன்னு நெனைச்சா. அதே ஷீட்ட வச்சு, டப்பாவ இந்தப் பக்கம் திருப்பி, புதுப் பலகையில இன்னொரு தடவ. கோடு வந்துச்சு. அந்த மூலை மறுபடியும் மொட்டை. டப்பாவத் திருப்புனோம், மொட்டை திரும்பல. சவ்வு சரியா ஒட்டலையோன்னு இஸ்திரிப் பெட்டி மேல பழிய போட்டா. எம்மவன், "ப்ராசஸ்ல எங்கயோ ப்ராப்ளம்"னு சொல்லிட்டு, ப்ராப்ளம் எங்கன்னு சொல்லாம மீட்டிங்குக்குப் போயிட்டான். கடைசியில ஷீட்டு மேலயே சந்தேகம் வந்துச்சு. மஞ்ச பல்புக்கு நேராத் தூக்கிப் புடிச்சுப் பாத்தா. "கோடு தெளிவாத்தான் இருக்குது"ன்னா. இருந்தாலும் வெள்ளிக்கெழம இன்னும் கறுப்பா ஒண்ணு அடிச்சுட்டு வந்தா. மறுபடி அதே வேல, அதே டூத் பிரஷ்ஷு, அதே சோடாத் தண்ணி.

இந்தத் தடவ மொட்டை இன்னும் பெருசாப் போச்சு.

அவ அப்படியே பாத்ரூம் தரையில உக்காந்துட்டா. கையில ரப்பர் கிளவுஸு, மூஞ்சியில நீலம். எனக்குக் கேலி பண்ண வாயே வரல, பாத்துக்கங்க.

சம்பந்தியம்மா கதவுக்கு வெளியில இருந்து, "கண்ணு, அந்த ரஞ்சன்காவ்க்காரங்களுக்கு சரின்னு சொல்லிப் போடு. கடவுளா வழி காமிக்கறாரு" அப்படின்னாங்க.

"கடவுளுக்கு மூலையில மட்டும்தான் ஒத்தாச பண்ணத் தெரியலையா?"ன்னா இவ.

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் மோர்க்கொழம்பு வச்சேன். யாரும் மார்க் போடல.

சனிக்கெழம காலையில மருமக எந்திரிச்சு, "இன்னொரு பலகை பாக்கி இருக்கு. அதோட முடிஞ்சுது" அப்படின்னா. போயி மறுபடியும் ஒரு ஷீட்டு அடிச்சுட்டு வந்து டேபிள் மேல வச்சுட்டு, பலகையத் தேய்க்க உள்ள போயிட்டா. எம்மவன் எதையோ உரிக்கக் கூடப் போனான். நான் சோபாவுல சாஞ்சு கண்ண மூடியிருந்தேன். தூங்கல. தூங்குற மாதிரி இருந்தாத்தான் வீட்டுல சுவாரசியமா ஏதாச்சும் நடக்கும்.

சம்பந்தியம்மா வந்தாங்க. என்னப் பாத்தாங்க. பாத்ரூம் கதவப் பாத்தாங்க. இடுப்புல இருந்து ஒரு சின்ன சிமிழ எடுத்தாங்க. வெரல நாக்குல தொடாம, டம்ளர் தண்ணியில நனைச்சு, சிமிழுக்குள்ள விட்டு எடுத்து, அந்த ஷீட்டு மூலையில நல்லா அழுத்தி ஒரு தீத்து. கண்ண மூடி வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்தாங்க. அப்புறம் வழிஞ்சதத் தொடைச்சாங்க, யாரும் கண்டுபுடிக்கக் கூடாதுல்ல.

மஞ்சள்! புதுசா என்ன வந்தாலும் மூலையில மஞ்சள் தொட்டு வைக்கிறது அவங்க பழக்கம். புதுச் சீலைக்கு வைப்பாங்க, புது பிரிட்ஜுக்கு வைப்பாங்க. எம்மவனோட ஆபீஸ் லேப்டாப்புக்கு வச்சு அவன் ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான்.

எனக்கு அடக்க முடியுமா? "என்ன சம்பந்தி, பஸ்ஸு கட்சியா இருந்துக்கிட்டு எங்க கட்சிக்கு ஓட்டுப் போடுறீங்க?"

தூக்கி வாரிப் போட்டுருச்சு அவங்களுக்கு. "ஐயோ, மெதுவாங்க! கண்ணு காதுல விழுந்தாத் திட்டும். எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லீருக்குது."

"ஒவ்வொரு ஷீட்டுக்கும் வச்சீங்களா?"

"மொதல்ல லேசாத்தான் வெச்சேனுங்க. ரெண்டு பலகை போயிருச்சுன்னு அடுத்த ஷீட்டுக்கு நல்லா அழுத்தி வெச்சேன். அதுவும் போயிருச்சு. இன்னைக்குக் கொஞ்சம் குங்குமமும் சேத்துக்கலாமான்னு..."

எனக்கு இதுல ஒரு சூதும் தெரியல. கேலி பண்ண ஒரு சாக்கு கெடைச்சுதேன்னு பாத்ரூம் பக்கம் திரும்பிக் கத்துனேன். "ஏத்தா! உங்கம்மா உன் ஷீட்டுக்குப் பூச போடுறாங்க! மஞ்ச வச்சாச்சு, சூடம் மட்டும்தான் பாக்கி!"

உள்ள எதையோ கீழ வச்ச சத்தம். அப்புறம் கதவு தெறந்துச்சு. பாதி கிளவுஸோட வெளிய வந்தா. "என்ன வெச்சீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு, மஞ்சத்தான், புது சாமானாச்சேன்னு..."

மருமக ஷீட்ட எடுத்தா. பால்கனிக்குப் போயி வெயிலுக்கு நேராத் தூக்கிப் புடிச்சா. கறுப்பு மேல ஒண்ணும் தெரியல. ஆனா அந்த மூலையில இருக்குற கோடெல்லாம் தங்கக் கம்பி மாதிரி மின்னுது. அதையே எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குள்ள ஓடி, மஞ்ச பல்புக்கு நேராப் புடிச்சா. அங்க ஒரு வித்தியாசமும் இல்ல, எல்லாக் கோடும் ஒரே மஞ்சள். எதுனால இத்தன நாளா அவ கண்ணுக்குப் படலன்னு எனக்கே அப்பத்தான் வெளங்குச்சு.

அப்புறம் சிரிச்சா பாருங்க. செவுத்துல சாஞ்சு சிரிச்சா, வாளி மேல உக்காந்து சிரிச்சா. "மஞ்சளுக்கு அது குருடு! நான்தானுங் சொன்னேன் அத்தை! நான்தான் சொன்னேன்! டப்பா வெளிச்சம் பூராத்தையும் அம்மாவோட மஞ்சளு குடிச்சுப் போட்டுது!"

எம்மவன் கையில சவ்வோட நிக்கிறான். "ப்ராசஸ்ல ப்ராப்ளம்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கல. வெரல்ல இருக்குற மஞ்சளப் பாத்துக்கிட்டே நின்னாங்க. "அப்ப நாந்தான் கெடுத்தனா கண்ணு? மூணு பலகையும்?"

"அம்மா, நீங்க என்னைய ரஞ்சன்காவ் போகச் சொன்னீங்கள்ல?"

"சொன்னேன். இப்பவும் சொல்லுவேன். அதுக்காக நீ ஆசப்பட்டது நடக்கக் கூடாதுன்னா நெனைப்பேன்?"

மருமக அவங்களக் கட்டிப் புடிச்சா. ரப்பர் கிளவுஸுல இருந்த சோடாத் தண்ணி சம்பந்தியம்மா முதுகெல்லாம். இப்படியே விட்டா ரெண்டு பேரும் அழுதே பொழுதப் போக்கிருவாங்கன்னு நான் நடுவுல பூந்தேன். "அழுக அப்புறம் வச்சுக்கலாம். இப்ப ஷீட்டுக்கு என்ன வழி?"

கழுவிப் பாத்தா, மஞ்சக் கறை போவேனாங்குது. புதுசாத்தான் அடிக்கணும். மணியப் பாத்தா மத்தியானம். பூனாவுல மத்தியானம் எந்தக் கடைக்காரரும் கடையில இருக்க மாட்டாரு, ஷட்டர எறக்கிட்டு வீட்டுல தூங்குவாரு. நிலநடுக்கம் வந்தாலும் நாலு மணிக்கு வந்து பாத்துக்கலாம்பாரு. மருமக பலகைய விட்டு நகர முடியாது. "நான் போறேன்"னேன். "நானும் வாரேனுங்க"ன்னாங்க சம்பந்தியம்மா. விட்டுட்டுப் போனா வீட்டுல வேற எதுக்கு மஞ்ச வைப்பாங்களோன்னு நானும் கூட்டிக்கிட்டேன்.

ஜெராக்ஸ்காரரு வீடு கடைக்கு மேலதான். நான் ஷட்டரத் தட்டுறேன், சம்பந்தியம்மா டீச்சர் கொரல்ல, "எந்திரிங்க! எந்திரிங்க!" அப்படின்னு தமிழ்லயே அதட்டுறாங்க. அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது, ஆனா அந்தக் கொரலுக்கு எந்த ஊரு ஆம்பளையும் எந்திரிச்சிருவான். பனியனோட எறங்கி வந்தாரு. "ஆஜி, மறுபடி எக்ஸ்ரேயா? பேஷன்ட்டுக்கு எப்படி இருக்கு?"

"வியாதி கண்டுபுடிச்சாச்சு. இந்தா நிக்கிறாங்க பாருங்க"ன்னேன். சம்பந்தியம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. அவங்க மரியாதையா ஒரு கும்பிடு போட்டாங்க.

திரும்பி வர்ற வழி பூரா நான் ஷீட்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, அவங்களையே பாத்துக்கிட்டு வந்தேன்.

"கைய இடுப்புல இருந்து எடுங்க சம்பந்தி."

"வெறுமனே வெச்சிருக்கறனுங்க."

"எடுங்க. வெளிய தெரியிற மாதிரி வச்சுக்கங்க."

வீட்டுக்கு வந்ததும் ரெண்டு பேரும் சோபாவுல உக்காந்தோம். நான் அவங்க வலது கையப் புடிச்சுக்கிட்டேன். பாக்குறவங்களுக்கு சம்பந்திங்க ஒத்துமையா இருக்குற மாதிரி இருந்திருக்கும். உள்ள டப்பா எரிஞ்சு அணைஞ்ச சத்தம். தண்ணிச் சத்தம். பிரஷ்ஷு சத்தம். அவங்க கை என் கைக்குள்ள வேர்க்குது.

"அத்தை! அம்மா! வாங்க!"

நாலு மூலையிலயும் கோடு. எண்ணி எண்ணிப் பாத்தோம், எத்தன தடவ எண்ணுனாலும் மூலை நாலுதான், எல்லாத்துலயும் கோடுதான். அந்த டிகாஷன் தண்ணிய ஒரு பிளாஸ்டிக் தட்டுல ஊத்திப் பலகையப் போட்டு ஆட்டுனா. நான் சம்பந்தியம்மாவப் பாத்து, "ஒரு டம்ளர் போடவா, சக்கர கம்மியா?"ன்னேன். முதுகுல ஒரு அடி விழுந்துச்சு. டீச்சர் அடி, நல்லாவே பதிஞ்சுச்சு. அந்த நேரம் பாத்து ஒரு சொட்டு தெறிச்சு எம்மவனோட வெள்ளச் சட்டையில துருக்கலர்ல ஒரு பொட்டு. அந்தச் சட்டை இப்பவும் அப்படித்தான் இருக்கு, வீட்டுல போட்டுக்கிடுறான்.

பொழுது சாயுற வரைக்கும் ஊசி மாதிரி மெஷினால ஓட்டை போட்டா, ஈயம் பத்த வச்சா. வீடெல்லாம் ஈயப் புகை. பெட்டிக்குள்ள வச்சு மூடுனா.

ஞாயித்துக்கெழம காலையில சொசைட்டி ஆளுங்க எல்லாம் கீழ கூடிட்டாங்க. மருமக கம்பி எறக்கிட்டு மொட்டமாடியில இருந்து எறங்கி வந்தா. செகரெட்டரி ஸ்கூட்டர அதே எடத்துலதான் நிறுத்தியிருந்தாரு. மனுசனுக்குத் தைரியம்னா தைரியம். வாட்ச்மேன் மோட்டாரப் போட்டான்.

எல்லாரும் தலைய அண்ணாந்து அந்த ஓவர்ஃப்ளோ பைப்பையே பாக்குறோம். ஒண்ணும் நடக்கல. ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதான் நாங்க நிக்கிறோம், ஆனா ஒண்ணும் நடக்காததப் பாத்துக்கிட்டு நிக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒரு புறா பைப்பு மேல வந்து உக்காந்துச்சு. எல்லாரும் "ஓ"ன்னாங்க. கழுத்து வலிக்குது. சம்பந்தியம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க, இந்தத் தடவ அவங்களா. மருமக பைப்பப் பாக்கல. கண்ண மூடிக்கிட்டு மோட்டார் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நிக்கிறா.

டக்.

மோட்டார் நின்னுருச்சு. ஒரே அமைதி. பைப்புல ஒரு சொட்டு இல்ல. ஸ்கூட்டர் சீட்டு காஞ்சு கெடக்கு. முடிஞ்சுதா இல்லையான்னு யாருக்கும் தெரியல, எல்லாரும் இன்னும் மேலயே பாக்குறாங்க. நான்தான் மொதல்ல கை தட்டுனேன், கத்திரிக்கா நகம் பளபளன்னு. அப்புறம்தான் மத்தவங்க.

செகரெட்டரி நம்பல. தொட்டியில தண்ணியக் கொஞ்சம் எறக்கச் சொல்லி மறுபடி போடச் சொன்னாரு. மறுபடி டக். அப்புறம் பெட்டியத் தெறந்து பலகையப் பாத்தாரு. "வெளிய குடுத்து செஞ்சதா?"ன்னு கேட்டாரு.

"இல்ல அங்கிள். எங்க பாத்ரூம்ல."

"நாலு விங்குக்கும் போடு"ன்னுட்டு, பிளாஸ்டிக் பை விரிக்காம ஸ்கூட்டர்ல உக்காந்தாரு. ராஜா மாதிரி.

திங்கக்கெழம காலையில மருமக ரஞ்சன்காவுக்கு ஃபோன் போட்டா. பக்கத்துலயே சம்பந்தியம்மா நின்னாங்க. "தேங்க்யூ சார். நான் வரல சார்"னு சொல்லிட்டு வச்சா. சம்பந்தியம்மா ஒரு பெருமூச்சு விட்டாங்க. அப்புறம் சின்னப் புள்ள மாதிரி, "இப்ப வெக்கலாமா கண்ணு?"ன்னு கேட்டாங்க.

"பெட்டி மேல வைங்கம்மா. எவ்வளவு வேணும்னாலும்."

மோட்டார் ரூம் வரைக்கும் எறங்கிப் போயி, அந்தப் பெட்டி மூடியில நாலு மூலையிலயும் மஞ்ச வச்சாங்க. நடுவுல குங்குமமும் வச்சாங்க, நான் தடுக்கல. அந்தப் பெட்டியத் தொட இப்ப வாட்ச்மேனுக்குப் பயம். சாமின்னு நெனைச்சு காலையில ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் சுவிட்ச அமுக்குறான்.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதேன்னு நான் துண்டையும் மாத்துச் சீலையையும் எடுத்துக்கிட்டு ஹால் பாத்ரூமுக்குப் போனேன். உள்ள மஞ்ச பல்பு எரியுது. கதவ லேசாத் தெறந்து மருமக தலைய நீட்டுனா.

"அத்தை, இன்னும் மூணு விங்கு இருக்குதுங்களே..."

நான் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு பெட்ரூம் பக்கம் போனேன். உள்ள எம்மவன் மீட்டிங்குல இருந்தான். வெளிய வரிசையில சம்பந்தியம்மா.